தூர வளைவில் கொடிக்காரர் இல்லாத சோதனை ஓட்டங்கள் குறித்து

அனுப்புநர்:
சோதனை ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
தையற்கடை மேல்மாடி,
பந்தயத் தடச் சாலை.

பெறுநர்:
உயர்திரு உரிமம் வழங்கும் அதிகாரி அவர்கள்,
மோட்டார் பந்தயத் தடங்கள் பிரிவு.

பொருள்: தனியார் சோதனை ஓட்டங்களில் ஓட்டுநர் உயிருக்குப் பாதுகாப்பு இல்லாமை – வரும் வியாழக்கிழமைக்கு முன் நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பந்தயக் கார்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறை சொல்பவர். பந்தய நாளில் ஒவ்வொரு வளைவிலும், ஆபத்து என்றால் கொடி காட்டும் கொடிக்காரர் நிற்பார். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நிற்கும். சோதனை நாளில் கேட்டைத் திறந்துவிடும் காவலர் மட்டுமே நிற்பார். கேட்டால், "இது பந்தயம் இல்லைம்மா, சும்மா ஓட்டிப் பாக்கறதுதானே" என்கிறார் தட மேலாளர். அதே கார், அதே வேகம். மோதும் சுவருக்கு அது பந்தயமா சோதனையா என்று தெரியாது, ஐயா.

2. மூன்று மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கச் சென்றிருந்தேன். தூர வளைவு மரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மெக்கானிக்குகள் நிற்கும் கொட்டகையிலிருந்து கார் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் எங்கே போகிறது என்று கணிப்பார்கள். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

3. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரிகிறதா என்று அறிய, முழு வேகத்தில் அதை அணைத்துவிட்டுக் காரை உருண்டு வரச் செய்வார்கள். வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறம் பார்ப்பார்கள். ஆகவே யாரும் பதறவில்லை. தலைமை மெக்கானிக் ஸ்பேனரோடு தயாராக நின்றார். நான் பதறியபோது, "அண்ணன் உருண்டு வந்துட்டிருப்பாரு அண்ணி, உக்காருங்க" என்று நாற்காலியும் போட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல இந்த மனு இல்லை.

4. கார் வரவில்லை. போய்ப் பார்த்தால், தூர வளைவு வடிகாலில் தலைகீழாகக் கிடந்தது. என் கணவர் பெல்ட்டில் தொங்கியபடி, பெட்ரோல் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கத்தினாராம். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? டயர் ஏற்றும் வண்டியில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலைக்கு வந்தது தோள்பட்டையோடு போயிற்று. ஒரு பொறி பறந்திருந்தால் அவர் இன்று இல்லை.

5. வியாழக்கிழமை மறுபடியும் ஓட்டப் போகிறார். வேண்டாம் என்றேன். "நீ மிக்ஸி சத்தத்துக்கே பயப்படுறவ" என்று சிரிக்கிறார். ஆனால் தூக்கத்தில், இடுப்பில் இல்லாத பெல்ட்டை அவிழ்க்கப் பார்க்கிறார். நான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். இந்த மனு அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

6. ஆகவே, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எல்லா வளைவிலும் கொடிக்காரரும் இல்லாமல் எந்தச் சோதனை ஓட்டத்துக்கும் கேட் திறக்கக் கூடாது என ஆணையிட வேண்டுகிறேன். ஆணை பிறக்க நாளாகும் என்றால், இந்த வியாழனுக்குத் தூர வளைவில் ஒருவரையாவது நிறுத்துங்கள். ஆள் இல்லை என்பார்கள். அப்படியானால் அங்கே நிற்க எனக்கு அனுமதிச் சீட்டு தாருங்கள், ஐயா. கீழ்க்கடையில் சிவப்புத் துணி வாங்கிக் கொடி தைத்து வைத்திருக்கிறேன். கார் கவிழ்ந்தால் கொட்டகைக்குக் கேட்கும்படி கத்த என்னால் முடியும்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: என் வீடு

தங்கள் பதிலை வியாழனுக்குள் எதிர்பார்த்து அஞ்சியிருக்கும்,
(ஒப்பம்)
ஓட்டுநரின் மனைவி