சாமைப் பொட்டலத்தின் பின்பக்கம்

ஜனவரி 9, 2018. கள்ளக்குறிச்சி

வருடத்தின் முதல் வெற்றிக் கதையை இன்று முடித்தேன். எங்கள் நிறுவனம் கல்வராயன் மலைப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர்கள் அரைத்துத் தரும் சாமையைச் சென்னையில் விற்கிறது. என் வேலை, பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு ஐந்து வரிக் கதை எழுதுவது. முதல் வரியில் துயரம், கடைசி வரியில் புன்னகை. நடுவில் நாங்கள் வருவோம்.

செவ்வந்தியின் கதையில் துயரம் போதவில்லை என்றார் மேலாளர் ராஜாங்கம்.

"அந்தம்மா வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"வீரமுத்துங்களா? சாமை மிஷினை அவருதாங்க ஓட்டறாரு."

"யோவ், மிஷின பொம்பளைங்க ஓட்டறாங்கன்னு போட்டோவே போட்டுட்டோம். அவர வேற எங்கனா வையி."

வைத்தேன். 'குடிகாரக் கணவனால் கைவிடப்பட்ட செவ்வந்தி...' வீரமுத்து குடிப்பாரா என்று எனக்குத் தெரியாது. போன மாதம் அவர்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து வரக்காப்பி குடித்தார். அதை மட்டும் பார்த்தேன்.

ஒப்புதல் படிவத்தில் அன்றைக்கே செவ்வந்தியிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. கதைக்கான இடம் அப்போது காலியாக இருந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான். நன்றாகக் கற்றிருக்கிறார், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கிறது.

ஜனவரி 12

ஐயாயிரம் பொட்டலம் அச்சாகிவிட்டது. படித்து ராஜாங்கத்துக்குக் கண் கலங்கியதாம்.

பிப்ரவரி 3

வெள்ளிமலை பஸ்ஸில் போனேன், மடியில் மாதிரிப் பொட்டலங்கள். நடத்துநர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். "ஏ, நம்ம செவ்வந்தி போட்டோ! எல்லாரும் கேளுங்க." உரக்கப் படித்தார். என் எழுத்தை இவ்வளவு பேர் ஒன்றாகக் கேட்டது இதுவே முதல் முறை.

பின்சீட்டில் வீரமுத்து. மிஷினுக்குப் புது பெல்ட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னா மாமா, பொண்டாட்டிய கைவுட்டுட்டு அவ வூட்டுக்கே போய்க்கினு கீற?" என்றது ஒரு குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு.

அவர் எழுந்து வந்து பொட்டலத்தைப் பார்த்தார். "இத அவ சொன்னாளா சார்?"

நான் சொன்னது: "கையெழுத்து இருக்குதுங்க."

பொய் இல்லை. கையெழுத்து இருக்கிறது.

பிப்ரவரி 4

ஞாயிறு. ஒன்றும் எழுதவில்லை. என் எழுத்தில் இதற்குத்தான் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 19

வீரமுத்து குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாராம். மிஷின் நின்று பத்து நாள். பன்னிரண்டு பெண்களின் சாமை மூட்டையிலேயே கிடக்கிறது. அவர்களுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சி ஒரு பகல். அதிலும் பாதி நேரம் போட்டோ. கைவிடப்பட்ட செவ்வந்தி என்று எழுதினேன். இப்போது அது உண்மையாகிவிட்டது.

செவ்வந்தி போன் செய்தார். "சார், நான் அப்டி சொல்லவே இல்லன்னு நீங்க ஊர்ல வந்து சொல்லணும். என் கையெழுத்து கீதுன்னு நீங்களே சொன்னீங்களாமே? மாமியா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. அவரு போன் எடுக்க மாட்டேங்குறாரு."

ராஜாங்கத்திடம் சொன்னேன். "போவாத. படிவம் கீது இல்ல? நாம சுத்தம்."

நாம் சுத்தம். நாம்—யார்?

பிப்ரவரி 25

போனேன்.

ஊரே கூடியிருந்தது. ஊர்ப் பெரியவர் பிச்சைமுத்து படிவத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கையெழுத்து செவ்வந்தியுடையது, கதை என்னுடையது, கையெழுத்து வாங்கியபோது காகிதம் வெறுமையாக இருந்தது என்று சொன்னேன். பஸ்ஸில் சொன்னதையும் சொன்னேன்.

"வெறுங்காயிதத்துல கைநாட்டு வாங்கறவங்கள எங்க பாட்டன் காலத்துலயே பாத்துக்கீறோம் சார். அவங்க வட்டிக்காரனுங்க. நீங்க இன்னா?"

"சமூகத் தொழில் நிறுவனம்ங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

செவ்வந்தி, மாமியார் கையிலிருந்த போனை வாங்கிக் குடகுக்குப் போட்டு என்னிடம் நீட்டினார். "அவருகிட்டயும் சொல்லுங்க. இங்கயே சொல்லுங்க." அத்தனை பேர் கேட்க, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எதிர்முனையில் காற்றுச் சத்தம். பிறகு, "ம்." வைத்துவிட்டார்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.

மார்ச் 7

சென்னைக் கடைகளில் சாமை தீர்ந்துவிட்டது. எனவே ராஜாங்கம் மனம் இளகி, சங்கராபுரத்திலிருந்து மெக்கானிக்கை அனுப்பச் சம்மதித்தார். எட்டு நாள் பயிற்சி. வீரமுத்து வாங்கி வைத்த பெல்ட்டைச் செவ்வந்தியே மாட்டினார். மிச்சப் பொட்டலங்களின் பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டும் வேலை எனக்கு. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17

புதுப் பொட்டலத்துக்கு வாசகம் வாங்க மலைக்குப் போனேன். செவ்வந்தி மிஷினை ஓட்டிக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன்.

'சாமை. கல் பொறுக்கியது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர்.'

"அவ்ளோதானுங்களா?"

"சோறாக்க வேற இன்னா தெரியணும்?"

கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல். "மொதல்ல படிங்க."

வீரமுத்து. வந்து நாலு நாள் ஆகிறதாம். படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

படித்தேன். அவர் தலையசைத்த பிறகுதான் செவ்வந்தி கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வரக்காப்பி வந்தது. வீரமுத்து எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் குடிக்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.