சுனைக்கு வழி சொன்னவன்

பிப்ரவரி 9, ஞாயிறு

புது எக்ஸ்பிரஸ் ரோட்டில் கார்கள் ஓட ஆரம்பித்தது, எங்கள் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைனில் கடைசி வீட்டுத் தகரக் கூரை காற்றில் பறந்தது, என் மனைவி சரோஜம்மா கண்ணை மூடியது, மூன்றும் ஒரே வருடத்துக்குள் நடந்தன. அது முடிந்து வந்த பிப்ரவரி இது.

எனக்கு எழுத்து தெரியாது. மருமகள் லதா போனில் ஒரு பொத்தானைக் காட்டினாள். அழுத்திவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. "மாமா, நம்ம பேச்சுல பேசினா கன்னாபின்னான்னு எழுதும். ரேடியோ நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுங்க" என்றாள். அப்படியே பேசுகிறேன். பேசியதைத் திரும்பப் படிக்க என்னால் ஆகாது. நல்லதுதான்.

இருமல் விடவில்லை. சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட சயனைடு மேடு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். காற்று திரும்பினால் சோற்றில் மண். தூசு வராத இடமாகப் பார்த்து இரண்டு மணி நேரம் சும்மா உட்காரச் சொல்கிறார் டாக்டர். அப்படி ஓர் இடம் இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

பிப்ரவரி 17

பேத்தமங்கலம் ஏரிக்குப் போனேன். கரை முழுக்கக் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தாத்தா, கொஞ்சம் நவுருங்க, பிரேம்ல வர்றீங்க" என்றான் ஒருவன். நகர்ந்தேன். இன்னொருவனின் பிரேமில் போய் நின்றேன்.

பிப்ரவரி 27

கிடைத்துவிட்டது.

பூதிகோட்டை பஸ்ஸில் ஊருக்கு முன்னாலேயே இறங்கி, ராகிக் காட்டு வரப்பில் நடந்தால் குண்டுப் பாறைகள். இரண்டு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த சந்தில் உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். உள்ளே நாலு கட்டில் அகலத்துக்கு ஒரு சுனை. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிற தண்ணீர். ஒரு புங்க மரம், ஒரு மீன்கொத்தி. உட்காருவதற்கென்றே செய்தது போல ஒரு பலகைக் கல்.

இரண்டு மணி நேரத்தில் இரண்டே தடவை இருமினேன். சரோஜா இருந்திருந்தால் அழைத்து வந்திருப்பேன். அவள் அந்தச் சந்தில் நுழைந்திருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

மார்ச் 5, புதன்

பலகைக் கல்லில் ஆள் இருந்தது.

ஆர்தர். டைம் ஆபீஸ் ஆர்தர். பக்கத்தில் பிளாஸ்க். காதில் மெஷின். எழுபத்தாறு வயதிருக்கும். இன்னும் சாகவில்லை.

"இன்னா காத்தவராயா, நீயும் மோப்பம் புடிச்சுக்கினு வந்துட்டியா?" என்றான், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவன் போல. பங்காருபேட்டையில் மகளோடு இருக்கிறானாம். புதன், சனி இரண்டு நாளும் ஆட்டோ வைத்துக்கொண்டு வருகிறானாம். ஆறு வருடமாக!

வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மார்ச் 6

இதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

நான் வேலை செய்த சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற குழியில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. கேஜ் என்கிற இரும்பு லிஃப்டில் ஏறி வந்ததும் டைம் ஆபீஸ் ஜன்னலில் கொடுக்க வேண்டும். கிளார்க் வாங்கி, 'மேலே' என்கிற பலகையில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் அந்த நம்பர்க்காரன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் ஆர்தர்.

எண்பத்து மூன்று, ஜூன் இருபத்தைந்து, சனிக்கிழமை. இந்தியா உலகக் கோப்பை ஜெயித்த நாள். பகல் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஏர் பிளாஸ்ட், அதாவது பாறை தானாக வெடித்துச் சரிவது. என் தம்பி முனிரத்தினம் கீழே இருந்தான். இருபத்திரண்டு வயது. ஆனால் அவன் டோக்கன் 'மேலே' பலகையில் தொங்கியது. அதனால் யாரும் தேடவில்லை. மேட்ச் பார்க்கப் பங்காருபேட்டை அத்தை வீட்டுக்குப் போயிருப்பான் என்று நானும் இருந்துவிட்டேன். ஊரெல்லாம் பட்டாசு.

திங்கட்கிழமை எடுத்தார்கள். ஞாயிறு மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். கையில் ஒரு கல். காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். குழாயில் அந்த இடம் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளத்தது.

டைம் ஆபீஸ் ஜன்னலைக் கல்லால் அடித்து உடைத்தவன் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு சாவு வீட்டிலும், கல்யாண வீட்டிலும், யூனியன் ஆபீஸிலும் சொல்லிவருகிறேன்: என் தம்பியைக் கொன்றவன் ஆர்தர். அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட என்னிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்புறம் எங்கேயோ சேலத்தில் கட்டினான்.

அவனுக்கு மீன்கொத்தி. அவனுக்குப் பிளாஸ்க்கில் டீ. அவனுக்கு அமைதி. என் முனிக்கு?

மார்ச் 12

விடியலிலேயே போய்ப் பலகைக் கல்லில் பச்சைச் சாணியை அப்பிவிட்டு, பாறை மறைவில் காத்திருந்தேன். ஆர்தர் வந்தான், பார்த்தான், அதன் மேல் கன்னடப் பேப்பரை இரண்டாக மடித்துப் போட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் தூங்கினான்.

படித்தவன்.

ஏப்ரல் 2

சந்தில் முள் வெட்டிப் போட்டேன். ஆட்டோக்காரன் எடுத்து எறிந்துவிட்டு, "யாரோ பாவம் பண்ணிக்கீறான் சார்" என்றான். முள் குத்தியது என் கையில்தான்.

ஏப்ரல் 19

லதா தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அவளோடு வேலை செய்கிற மமதா என்ற கன்னடப் பெண் இன்று வீட்டுக்கு வந்திருந்தாள். தாத்தா என்பதற்கு அஜ்ஜா என்கிறாள். யாரும் போகாத அமைதியான இடங்களைத் தேடிப் போய் வீடியோ எடுத்துப் போடுவதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேலை. லட்சம் பேர் பார்க்கிறார்களாம்.

"அப்புறம் அங்க ஜனங்க போவாங்களாம்மா?"

"ஐயோ அஜ்ஜா, அடுத்த வாரமே நிக்க எடம் இருக்காது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டேன். பசி அடங்கிவிட்டது. இத்தனை நாள் சாணியும் முள்ளும் வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஏப்ரல் 27, ஞாயிறு

மமதாவை அழைத்துப் போனேன். லதாவும் வந்தாள். சந்தில் நுழைந்ததும், "அய்யய்யோ!" என்று வாயில் கை வைத்தாள். என்னைப் பலகைக் கல்லில் உட்கார வைத்து, "கேமராவப் பாத்து சொல்லுங்க அஜ்ஜா" என்றாள். பஸ் எங்கே நிற்கும், கார் எதுவரை வரும், எந்தச் சந்து, எல்லாம் சொன்னேன். மேப்பில் புள்ளி வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

திரும்பும்போது லதா கேட்டாள். "மாமா, இது உங்க எடமாச்சே. எதுக்கு ஊருக்கெல்லாம் காட்றீங்க?"

"நாலு பேரு வந்து பாக்கட்டுமே" என்றேன்.

சரோஜா போன பிறகு இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மே 10, சனி

பதினெட்டு கார். நானே எண்ணினேன். பாட்டுப் பெட்டி இரண்டு. கறி சுடுகிற புகை. புங்க மரத்தில் கயிறு கட்டித் தண்ணீரில் குதிக்கிறார்கள்.

ஆர்தர் வந்தான். பலகைக் கல்லில் அரை டிராயர் போட்ட பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்து சிப்ஸ் தின்றார்கள். சந்தின் வாயிலில் பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான். உட்கார இடம் இல்லை. வரப்பில் திரும்பி நடந்தான், மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

முனி, பார்த்தாயா? பார்த்தாயாடா?

மே 24, சனி

அவன் வரவில்லை.

மே 28

இன்றும் வரவில்லை. எனக்கும் உட்கார இடமில்லை. இருமிக்கொண்டே திரும்பினேன். பரவாயில்லை. என்னிடம் என்ன இருந்தது இழப்பதற்கு.

ஜூன் 12

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தோற்றுப்போன முகம் எப்படி இருக்கும் என்று. பங்காருபேட்டையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மகள் கரோலின் கதவைத் திறந்தாள்.

"டாடி, மைன்ஸ் ஆளு யாரோ வந்திருக்காங்க."

"யாரோ இல்ல. சினிமா ஸ்டாரு." ஆர்தர் கட்டிலில் சாய்ந்திருந்தான். "வா காத்தவராயா. மொபைல்ல பாத்தேன் உன்ன. பல்லு கட்டிக்கினு நடிச்சிருக்கக் கூடாதா?"

"இனிமே எங்க போயி நிம்மதியா உக்காருவ சார்?"

"நீ எங்க போயி உக்காருவ?" காது மெஷினைக் கழற்றிக் காட்டினான். "இத எடுத்துட்டா பாட்டு போட்டா இன்னா, பறை அடிச்சா இன்னா? எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அந்தப் பொண்ணுங்க நவுந்து எடம் குடுத்திருந்தா உக்காந்திருப்பேன். பாவம், கேக்க மனசு வரல." மறுபடி மாட்டிக்கொண்டான். சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் கழன்றுவிட்டது. என்னவெல்லாம் கத்தினேனோ. "முனி டோக்கன மேல மாட்டினது எவன்டா? சொல்றா! சாவறதுக்குள்ள சொல்லிட்டு சாவு!"

அவன் மகளை டீ போட அனுப்பினான். அவள் போகும்வரை காத்திருந்தான்.

"மாட்டினது நான். குடுத்தது யாரு?"

"யாரு?"

"நீ."

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல் மாறாது.

"அண்ணனும் தம்பியும் பொங்கலுக்கு ஒரே துணியில சட்ட தெச்சிருந்தீங்க. பச்சக் கட்டம். கீழ சூடு தாங்காம எல்லாரும் சட்டய கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் வேல செய்வீங்க. டோக்கன் பையிலயே இருக்கும். நீ மொதல் கேஜில ஏறி வந்த. அவன் சட்டய போட்டுக்கினு வந்த. அவன் டோக்கன ஜன்னல்ல நீட்டின. உனக்கு நம்பர் படிக்கத் தெரியாது. வாங்கறப்ப மொகத்த பாக்கணும், அதான் ரூலு. மேட்ச் ஆரம்பிக்கற நேரம், ரேடியோவ திருகிக்கினு இருந்தேன். பாக்கல. மத்தவங்க எல்லாம் ஏறி வந்தப்பறம் ஏர் பிளாஸ்ட் ஆச்சு. பலகையில உன் ஆணி மட்டும் காலி. 'காத்தவராயன் எங்கடா'ன்னு கத்தினாங்க. நீயே முன்னால வந்து நின்ன. 'நான் இங்கதான் கீறேன், படிச்ச கிளார்க்குக்கு கணக்கு தெரியல'ன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. தேடறதுக்கு எறங்க ரெடியா இருந்த கேஜ நிறுத்திட்டாங்க."

ஆர்தர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். "திங்கக்கிழம, கீழ ஆணியில தொங்கின சட்டையில உன் டோக்கன் இருந்துச்சு. அத எடுத்து மறச்சது நான்தான்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா என் வேலயும் போவும். நீ என்ன திட்டிக்கினு திரிஞ்ச. திட்டட்டும்னு விட்டுட்டேன். உனக்காக இல்ல, அப்படி நெனச்சுக்காத. என் வேலைக்காக."

கரோலின் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். ஏன் குடித்தேன்?

ஜூன் 13

பொய் சொல்கிறான்.

ஜூன் 14

பொய்தான். சாகப்போகிறவன், சாவதற்கு முன்னால் பழியை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறான். மறுபடி போய் அவன் மெஷினைப் பிடுங்கி மிதிக்க வேண்டும்.

போகவில்லை.

ஜூன் 25

இன்று நாற்பத்திரண்டு வருடம்.

எனக்கு ஞாபகம் கெட்டுப்போனதே இல்லை. முனி பிறந்த அன்று பெய்த மழை ஞாபகம் இருக்கிறது. கீழே அன்று அவன், "பாறையில ரெண்டு தொளை போட பாக்கி இருக்குண்ணா, நீ போ" என்றது ஞாபகம் இருக்கிறது. சட்டை அக்குளில் பிடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி கழற்றும்போது பையிலிருந்து சீப்பு விழுந்தது. நான் சீப்பு வைத்துக்கொள்கிறவன் இல்லை. அட, என் சட்டையைப் போட்டுக்கொண்டு மேட்ச் பார்க்கப் போயிருக்கிறான் பார் என்று நினைத்தேன். வெளியே பட்டாசு வெடித்தது. அந்த நேரம் அவன் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ஜன்னலில் கல்லெறிந்தேனே, அப்போது எனக்குத் தெரியுமா? தெரியாது.

தெரியாது என்று எத்தனை தடவை சொல்வது? அந்தச் சீப்பை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். தெரியாதவன் எதற்கு அடுப்பில் போடுகிறான்?

இன்னாடா பண்ணி வெச்ச காத்தவராயா. இன்னாடா பண்ணி வெச்ச.

ஜூலை 30

பேச ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20, சனி

சுனைக்குப் போனேன். கார் ஒன்றும் இல்லை. மமதாவின் ஜனங்கள் வேறு ஏதோ அருவிக்குப் போய்விட்டார்களாம். தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. மீன்கொத்தி இல்லை. பலகைக் கல்லில் யாரோ தங்கள் பெயரைக் கொத்தியிருக்கிறார்கள். என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அந்த ஓரத்தில் இருமிக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆட்டோச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அக்டோபர் 16

ஆர்தர் நேற்றுப் போய்விட்டான். கரோலின் போன் செய்தாள். "அங்கிள், நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து உங்களையேதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. சினிமா ஸ்டார் வந்தானான்னு."

அக்டோபர் 17, வெள்ளி

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பழைய ஆட்களின் பிள்ளைகள், பேரன்கள், இருபது பேர் இருக்கும். பெட்டியை இறக்கும்போது பின்னால் ஒருவன் இன்னொருவனிடம் கிசுகிசுத்தான். "இவர்தானே அந்த முனி கேஸ்ல டோக்கன மாத்தி மாட்டினது?"

அது நான் சொல்லிக்கொடுத்தது. அவனுடைய அப்பனுக்குச் சொன்னேன், அவன் இவனுக்குச் சொல்லியிருக்கிறான்.

கரோலின் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். பிறந்ததிலிருந்தே குனிந்து பழகிய தலை அது என்று பார்த்ததும் தெரிந்தது.

பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டு, யாராவது இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று கேட்டார். நான் போய் நின்றேன். ரேடியோ நியூஸ் மாதிரி பேசத்தான் நினைத்தேன். வரவில்லை.

"ஆர்தர் சாரு தப்பா மாட்டல. என் தம்பி டோக்கன குடுத்தது நான். அவன் சட்டய போட்டுக்கினு வந்து நான்தான் குடுத்தேன். கேஜ நிறுத்த வெச்சதும் நான்தான். இத்தன வருஷமா பொய் சொன்னேன்."

கரோலின் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது நன்றி இல்லை. நாற்பத்திரண்டு வருடம் நான் ஆர்தரைப் பார்த்த பார்வை அது. எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை.

பிடி மண் போடக்கூட அவள் என்னைக் கூப்பிடவில்லை. சரிதான்.

பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். கேஜை நிறுத்தச் சொன்ன ஷிஃப்ட் மேஸ்திரி தொண்ணூற்று நாலில் போனார். கேஜ் இழுத்த டிரைவர் கம்பெனி மூடிய வருடம் போனார். ஆர்தர் நேற்று முன்தினம். என் முனியின் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான்.

காத்தவராயன்.