பெரிய மெஷின்காரரும் என் குட்டி லேப்டாப்பும்

ஞாயிறு, இரவு.

இந்த டைரியை இனி தட்டச்சில் எழுதலாம் என்று ஒரு குட்டி லேப்டாப் வாங்க மந்தாரக்குப்பம் போனேன். கூட வந்த என் கணவர் சேவியர், நிலக்கரி மைன்ஸில் வீட்டைவிடப் பெரிய மண்வெட்டும் மெஷினை ஓட்டுகிறவர். நான் கேட்டதைக் கடைக்காரர் எடுத்து வைத்ததும், இவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, சோப்பு டப்பாவாட்டம் இருக்குது? பெருசா எதுனா காட்டுங்க."

பெரியதெல்லாம் மடிக்கும் பாரம், பர்ஸுக்கும் பாரம். பிடிவாதமாகக் குட்டியையே வாங்கினேன். "புள்ளைங்க வெளையாடுற சாமான்" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

குவார்ட்டர்ஸுக்கு வந்ததும், "சரியா ஓடுதான்னு பார்த்துக் குடுக்கறேன்" என்று அதன்முன் உட்கார்ந்தவர்தான். இன்னும் அதில் சீட்டு விளையாடுகிறார். சாப்பிடக்கூட எழவில்லை.

"குடுங்க, நான் எழுதணும்" என்றேன்.

"அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வராம மெஷின வுட்டு எழுந்திருக்கக் கூடாது. மைன்ஸ்ல அதான் ரூல்."

"நான்தாங்க ரிலீவர்!"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு. காலையில வா."

அதனால்தான் இதையும் பேனாவில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.