இருபத்து நான்காவது குச்சி

ஃப்ரீஸ்லாந்து
நவம்பர் 24, திங்கட்கிழமை மாலை

அன்பு மகள் ரென்ஸ்கேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நியூசிலாந்தில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தினமும் பொழுது விடிகிறது. அம்மாவின் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதியை வைத்துக்கொண்டே சைக்கிளில் சந்தைக்குப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை. பத்து நாளாக விடாத மழை, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை வரைக்கும் ஏறி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் கூரைத் தகரக் குழாயில் இலை அடைத்துக்கொண்டு போன வாரம் முழுக்க எனக்கு ஏணி மேலேயே வேலை. அடுத்த கோடையில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள், அதுவரை மணி அடிப்பதும் குழாய் சரிபார்ப்பதும் விழுந்த பிள்ளைகளின் முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டுவதும் இடைவேளையில் அவர்களோடு மழையில் நிற்பதும் என் பாடுதான்.

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அம்மா அதை உரக்கப் படித்தாள். உன் வகுப்புப் பிள்ளைகளிடம் என்னைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருந்தாய், என் அப்பா இருபத்தொன்பது வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்து இடைவேளையைக் காவல் காக்கிறார், ஒரு பிள்ளையைக்கூட ஒதுங்கி நிற்க விட்டதில்லை, நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று. அம்மா அந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்திருந்தேன். உன்னிடம் சொல்லாமல் உன் புகழ்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் எழுதுகிறேன், படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நான்காம் வகுப்பில் ஹிடே என்ற பையனுக்கு எட்டாவது பிறந்தநாள். நீ படித்த காலத்து வழக்கம் எதுவும் மாறவில்லை, பத்து மணிப் பழ இடைவேளையில் பிறந்தநாள் பிள்ளை எல்லோருக்கும் ஒன்று கொடுக்கும், பாட்டுப் பாடுவார்கள், யாரும் முதலில் கடிக்கக் கூடாது, கடைசிப் பிள்ளை கைக்குப் போன பிறகுதான் தின்ன வேண்டும். ஹிடேயின் அப்பா வெசல், வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் போடுகிற ஆள். அவனும் மனைவியும் வசந்தத்தில் பிரிந்துவிட்டார்கள், அவள் ஸ்வோலாவுக்குப் போய்விட்டாள், பையன் பள்ளி நாட்களில் அப்பாவோடு இருக்கிறான். இதுவரை பிறந்தநாள் பண்டமெல்லாம் அவள்தான் செய்து அனுப்புவாள், இந்த வருஷம்தான் வெசல் முதல்தடவையாகச் செய்தான். குச்சியில் மூன்று குட்டிப் பான்கேக், நடுவே திராட்சை, உச்சியில் படகுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு காகிதப் பாய், பாயில் ஹிடே நீலப் பென்சிலால் வரைந்த மீன். பார்த்தால் வரிசையாகப் படகு நிற்கிற மாதிரி இருந்தது. காலை எட்டேகாலுக்குத் தட்டைக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு, துணியால் மூடி, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான். பெரியவர்களுக்குத் தனியாக ஒரு சின்னத் தட்டில் சீஸும் திராட்சையும் வைத்திருந்தான், அதில் எனக்கும் ஒன்று உண்டு.

நான் கூரையிலிருந்து இறங்கி வந்தது ஒன்பதே முக்காலுக்கு. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தேன், நல்ல பசி. சின்னத் தட்டில் வெறும் பல்குத்தும் குச்சிகள்தான் கிடந்தன, என் பங்கையும் யாரோ சேர்த்துத் தின்றிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ரென்ஸ்கே, இத்தனை வருஷம் உழைப்பவனுக்கு ஒரு துண்டு சீஸ் மிச்சம் வைக்கத் தோன்றவில்லையே என்று. துணியைத் தூக்கினேன், ஒரு படகை எடுத்தேன், இரண்டு வாயில் முடித்தேன். நவம்பரில் எப்படியும் ஒரு பிள்ளை சளி பிடித்து வீட்டில் கிடக்கும், ஒன்று மிஞ்சத்தான் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருகைப் பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது, பார்க்கவில்லை. நம் ஊரில் யாரும் ஒன்று கூடுதலாகச் செய்யமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா. காப்பிக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பா மூடி, அதில்தானே நானும் வளர்ந்தேன், உன்னையும் வளர்த்தேன். தலைக்கு ஒன்று என்றால் தலைக்கு ஒன்றுதான்.

பத்து மணிக்கு நானே மணி அடித்தேன், தட்டையும் நானே தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வகுப்பில் இருபத்து நான்கு பேர், அன்றைக்கு ஒரு பிள்ளைகூட விடுப்பில் இல்லை. ஹிடே தன்னுடையதை முதலில் எடுத்துத் தன் மேசையில் வைத்தான், பிறகு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனான். ஜன்னலோரக் கடைசி மேசையில் ஃபென்னா என்று ஒரு பெண், முந்தின நாள்தான் புதிதாகச் சேர்ந்தவள். அவள் முன்னால் போய் நின்றபோது தட்டு காலி. அவள் கையை நீட்டியிருந்தாள், மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ ஒருவன், ஒங்கப்பாவுக்கு எண்ணத் தெரியாதாடா என்றான், நாலு பேர் சிரித்தார்கள். ஹிடே காது வரை சிவந்து, ஓடிப்போய்த் தன் குச்சியை எடுத்து வந்து நீட்டினான். அந்தப் பெண், அது ஒன்னோடது, எனக்குப் பசிக்கல என்று சொல்லிவிட்டாள். அவளும் தொடவில்லை, அவனும் தொடவில்லை, பன்னிரண்டு மணி வரை அந்தப் படகு மேசைமேல் நின்றது. பிறகு ஆனகா டீச்சர் அதைக் குப்பைக் கூடையில் போட்டார். கூடையைக் கொட்டியதும் நான்தான்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நான் சாப்பிட்டுவிட்டேன், மன்னியுங்கள் பிள்ளைகளே என்றால் அவர்கள் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்று நாளைக்கு ஊர் பேசுமே என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. திறக்காததோடு நின்றேனா, அதுவும் இல்லை. இடைவேளையில் எல்லோரும் வெளியே போன பிறகு ஃபென்னா என் துடைப்ப அலமாரிப் பக்கம் வந்து நின்றாள். என் பையிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சை உரித்துக் கொடுத்து, புதுசா வந்தவங்க பேரு லிஸ்ட்ல ஏற நாலு நாள் ஆகும்மா, அவங்கப்பா பழைய லிஸ்ட்டப் பாத்திருப்பாரு என்றேன். அவள் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, என் பேரு எப்ப ஏறும் என்று கேட்டாள். சீக்கிரம் ஏறிடும் என்றேன். ஆனகா டீச்சர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, நீங்க இல்லன்னா இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும் ஹார்மென் என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது, இதுதான் மோசம். மூன்று மணிக்கு வாசலில் வெசல் வந்து நின்றான். மற்ற அம்மா அப்பாக்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்தில் இருக்க, நான் அவனிடம் போய், அடுத்த தடவ மொத்தம் எத்தன பேருன்னு கேட்டுட்டுச் செய்ங்க, ஒரு புள்ள வெறுங்கையோட ஒக்காந்துருந்துச்சு என்றேன். நம் ஆட்களுக்கு மனதில் பட்டதை நேருக்கு நேர் சொல்வதில் ஒரு பெருமை உண்டல்லவா, அந்தப் பெருமையோடுதான் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது. எண்ணினேனே, புதுப் பொண்ணையும் சேத்துத்தான் எண்ணினேன் என்றான். நான் சிரித்தபடி, எண்ணினது எப்படிங்க கொறையும் என்றேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஹிடே அப்பாவின் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்து போனான். அன்று சாயங்காலமே வெசல் மழையில் ஃபென்னா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தானாம், செய்யாத குற்றத்துக்கு.

மறுநாள்தான் உன் கடிதம். வியாழக்கிழமை அம்மா துவைக்க என் வேலைக் கோட்டை எடுத்தவள், பையிலிருந்து அந்தக் காகிதப் பாயை எடுத்து என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரியவங்களுக்குச் சீஸுன்னு சொன்னியே ஹார்மென், இந்த மீனு எப்படி ஒன் பைக்குள்ள நீந்தி வந்துச்சு என்று கேட்டாள். தரையில் கிடந்தது, பொறுக்கினேன் என்றேன். நாற்பத்தோரு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று காலை இடைவேளையில் ஹிடே விளையாடாமல் சைக்கிள் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டேன். அடுத்த பொறந்தநாளு ஸ்வோலாவுலதான் ஹார்மென் சார், நான் அம்மாகிட்டயே இருந்துக்கறேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன் என்றான். ஏன் என்றேன். அப்பாவால இதெல்லாம் ஒழுங்காச் செய்ய முடியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு சார் என்றான். அப்பாவைக் குறை சொல்வதுபோல்கூட அவன் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னான். ஒரு பான்கேக் குச்சிதானே என்று ஆறு நாளாக என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன், அந்தக் குச்சியால் நான் ஒரு வீட்டையே ஆட்டிவிட்டேன்.

நாலரை மணிக்கு வெசல் வீட்டுக்குப் போனேன். சொல்லிவைக்காமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன், மணியை அழுத்திவிட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றேன். அவன் கதவைத் திறந்ததும் உட்காரக்கூட இல்லை, அந்த இருவத்தி நாலாவது குச்சிய நான்தான் தின்னேன் வெசல் என்று சொல்லிவிட்டேன். பள்ளி வாசலில் ஏளனமாகப் பேசியதையும், அவன் எண்ணியது சரி என்று தெரிந்தே பேசியதையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு வாரமா வேலைக்குப் போற எடத்துல ஆணியக்கூட நாலு தடவ எண்ணிப் பாக்கறேன் ஹார்மென், எனக்கு மண்டையில ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன் என்றான். பிறகு, எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது, அவங்கிட்டச் சொல்லுங்க என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

ஹிடே படிக்கட்டின் பாதியில் வந்து நின்றான். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், பெரியவர்களிடம் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்தான். அப்ப நீ சரியாத்தான் எண்ணுனியாப்பா என்று கேட்டான். ரெண்டு தடவ எண்ணினேன்டா என்றான் வெசல். இல்லப்பா, மூணு தடவ, நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதது. தன் கண்ணால் பார்த்ததையே நம்பாமல் ஊர் சொன்னதை நம்பியிருக்கிறான், சொன்ன ஊரில் முதல் ஆள் நான். வெசல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தெரியும், எப்ப சொல்லுவேன்னுதான் பாத்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சூப்பைச் சூடாக்கினாள். பையன் ஸ்வோலாவுக்குப் போவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. தலைமை ஆசிரியைக்குப் போன் பண்ணி நாளைக் காலை பத்து மணிக்கு வகுப்பில் ஐந்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். வேலையை விட்டு இப்போதே போகச் சொன்னாலும் போக வேண்டியதுதான். உனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விடுமோ என்பதுதான் இப்போது பெரிய பயம், அந்தப் பயத்தோடுதான் இதை எழுதி முடிக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயில் காலம் என்று தொப்பியில்லாமல் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்காதே. டிசம்பர் ஐந்துப் பண்டிகைக்கு உன் பெயரின் முதல் எழுத்து வடிவத்தில் சாக்லேட்டை அம்மா பார்சலில் அனுப்பியிருக்கிறாள், சுங்கத்திலிருந்து சீட்டு வந்தால் உடனே போய் வாங்கிக்கொள், போன வருஷம்போல் உருகவிடாதே. எங்கிருந்தாலும் நல்லவளாக, நிம்மதியாக இரு, அந்த ஆசீர்வாதத்தைக் கொடுக்க அப்பாவுக்கு இன்னும் உரிமை இருந்தால் அதை எடுத்துக்கொள். நாளைக்கு அந்த வகுப்பில் இருபத்து நான்கு பேருக்கும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் நேராக ஜன்னலோர மேசைக்குப் போய் ஃபென்னாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், ஒன் பேரு மொத நாளே லிஸ்ட்ல ஏறிடுச்சும்மா, ஒன் பங்கத் தின்னது நான்தான் என்று.

தலைகுனிந்து நிற்கும் உன் அப்பா,
ஹார்மென்