தோத்தாத்ரியின் ஐம்பத்து நான்கு பைப்புகள்

கிழக்குத் தாம்பரம்
4.6.1988

மதிப்புக்குரிய திரு. தோத்தாத்ரி அவர்களுக்கு,

என் கணவர் சவுரிமுத்துவின் முப்பதாம் நாள் பூசையில் உங்களைக் கடைசி பெஞ்சில் பார்த்தேன். வந்ததற்கு நன்றி. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டீர்கள்.

ஜூலை முதல் தேதி இந்த வீட்டுக்கு வேறு குடும்பம் குடிவருகிறது. நான் திருச்சியில் மகளோடு இருக்கப் போகிறேன். நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் பழைய புகைபிடிக்கும் பைப்புகள் எங்கள் கண்ணாடி பீரோவில் இருக்கின்றன. எண்ணினேன், ஐம்பத்து நான்கு. உங்கள் வீட்டில் ஆசாரம், உள்ளே விடமாட்டார்கள் என்று இவர் கேட்டுக்கொண்டதால்தான் இத்தனை வருடம் இடம் கொடுத்தேன். பிறர் பொருளோடு ஊர் மாற எனக்குச் சம்மதமில்லை. 25ஆம் தேதிக்குள் வந்து எடுத்துச் செல்லவும்.

இப்படிக்கு,
ஃபிலோமினா சவுரிமுத்து

*

குரோம்பேட்டை
8.6.1988

அன்புள்ள சகோதரிக்கு,

முட்டிவலி தேவலையா? இந்த வெயிலில் தனியாகச் சாமான் கட்டுகிறீர்களே என்று கவலையாக இருக்கிறது.

உங்கள் கார்டு வந்தபோது நல்லவேளையாக நான் வாசலில் நின்றேன். என் மனைவி வேதவல்லி படித்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவளுக்கு இந்தப் பைப் விஷயமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்குச் செஸ் ஆடப் போவதாகத்தான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன். தயவுசெய்து இனி கவரில் எழுதுங்கள். எங்கள் தெரு வாசகசாலைக்கு என் பெயரிட்டு அனுப்பினால் நேராக என் கைக்கு வரும்.

அன்று கோவிலில் பேசத்தான் வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

பைப்புகளை இப்போது எடுக்க எனக்கு வழியில்லை. திருச்சிக்கு நீங்களே கொண்டுபோனால்கூட நல்லது. யார் கைக்கும் போகாமல் இருந்தால் போதும். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
தோத்தாத்ரி

*

கிழக்குத் தாம்பரம்
13.6.1988

திரு. தோத்தாத்ரி அவர்களுக்கு,

ஏன் என்று கேட்கத்தான் போகிறேன். வாசகசாலைக்கு ஒளித்துக் கடிதம் எழுதும் வயதா நமக்கு? இதுவே முதலும் கடைசியும்.

இவர் ஒவ்வொரு முறையும் காகிதப் பொட்டலத்தோடு உள்ளே நுழையும்போது “தோத்தாத்ரியோடது” என்பார். நானும் ஒன்றும் சொன்னதில்லை. கடைசியாக ஏப்ரலில் வந்தது. பல்லாவரத்தில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போகிறது, பெரியவருடைய பைப்பை விற்கிறார்கள் என்று கிளம்பினார். படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதர். மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தாராம். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அப்போதும் “தோத்தாத்ரியோடது” என்றார். மூன்று வாரத்தில் போய்விட்டார்.

உங்கள் பொருளை வாங்க உங்களுக்குக் கால் இல்லையா? நோயாளியை அனுப்பினீர்களே, அதற்கு எனக்குப் பதில் வேண்டும். அன்றிலிருந்து அதையே நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை.

26ஆம் தேதி பங்குக் கோவிலில் ஏழைகள் நிதிக்காகப் பழைய சாமான் விற்பனை. 25 மாலைக்குள் நீங்கள் வராவிட்டால் ஐம்பத்து நான்கும் அங்கே போகும்.

ஃபிலோமினா சவுரிமுத்து

*

குரோம்பேட்டை
17.6.1988

அன்புள்ள சகோதரிக்கு,

விற்பனைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். சொல்லிவிடுகிறேன். சவுரிக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன்.

என்னுடையவை பதினொன்றுதான். கீழ்த்தட்டில் இடது ஓரம், பச்சைத் துணி விரித்தவை. மற்ற நாற்பத்து மூன்றும் உங்கள் கணவருடையவை. முக்கால்வாசி, மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய சாமான் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி அவர் தேடிச் சேர்த்தவை. நாங்கள் ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை. துடைப்போம், யார் வாயில் இருந்திருக்கும் என்று கதை கட்டுவோம், திரும்ப வைப்போம். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அவருடைய முதல் பைப்பை நீங்கள் கிணற்றில் போட்டீர்களாம். அதற்கப்புறம் வாங்கியதெல்லாம் என் பெயரில்.

“சம்சாரத்துகிட்ட சொல்லிடேன் சவுரி” என்று எத்தனையோ தடவை சொன்னேன். “யோவ் அய்யங்காரே, மொதல்ல உன் வூட்ல நீ சொல்லு, அப்பறம் எனக்குப் புத்தி சொல்லலாம்” என்று சிரிப்பார். ஒரு தடவை மட்டும் சிரிக்கவில்லை. “அவ திட்டினா வாங்கிக்கலாம்யா. பேசாம சோறு போட்டுட்டு உள்ள போவா. அதை இன்னொரு தபா என்னால பாக்க முடியாது” என்றார்.

பல்லாவரம் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே போயிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

தோத்தாத்ரி

*

கிழக்குத் தாம்பரம்
22.6.1988

அன்புள்ள திரு. தோத்தாத்ரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நோயாளியை அனுப்பியதாக எழுதியதற்கு மன்னிக்கவும். முப்பது வருடம் இரண்டு பேருமாக என்னை ஏமாற்றியதை மன்னிக்க எனக்கு இன்னும் நாளாகும். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிணற்றில் போட்டது உண்மை. என் அப்பா சுருட்டுக் குடித்து இருமியே செத்தார். அந்த வாடை வந்ததும் யோசிக்காமல் எறிந்துவிட்டேன். அது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் என் கோபம் போய்விட்டது. போய்விட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

விற்பனைக்குச் சமையல் பாத்திரங்களை அனுப்புகிறேன். நாற்பத்து மூன்றும் என்னோடு திருச்சிக்கு வருகின்றன. பல்லாவரத்துப் பைப்பை நேற்று எடுத்து முகர்ந்து பார்த்தேன். இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் என்ன, அவருடையதுதானே.

உங்கள் பதினொன்றையும் பச்சைத் துணியிலேயே சுற்றிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை வாருங்கள். தனியாக வந்தால் தரமாட்டேன். வேதவல்லி அம்மாளிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்குக் கோபம் வரும், வரட்டும். அது எத்தனை நாளில் தீரும் என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஃபிலோமினா