பெட்டி மேல் உட்கார்ந்தவர்

அன்புள்ள அம்மா,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உன் மருமகன் விவாகரத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் அவரைக் கைவிட்டு வந்துவிட்டேனாம். படித்ததும் சிரிப்புதான் வந்தது.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். "அவரே சம்மதிச்சு வேலைக்கு அனுப்பியிருந்தா அது கைவிட்டதா ஆகாதும்மா. ஆனா பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும்" என்றார்.

பார்த்தவள் நீதான். நான் இங்கே வேலைக்குக் கிளம்பிய அன்று, துணி நிரம்பி மூடாத என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தவர் அவர்தானே? "நமக்கெதுக்கு வம்பு" என்று இந்த முறையும் ஒதுங்கிவிடாதே.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது. கோர்ட்டில் உன்னைப் பார்த்ததும் "வாங்க அத்தை" என்பார். தலையாட்டிவிட்டு, பார்த்ததைச் சொல்.

உன் மகள்