கை கழுவும் இடத்தில் என் அட்டைகள்

அன்பு மகள் ரெஹானாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஆக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், பிள்ளைக்குக் காதை மூடிவிடு. அத்தா ஏன் போனில் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டாய். பேசினால் வசைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

வெளிநாட்டு வானொலி நிலையங்கள் எனக்கு அனுப்பிய அட்டைகள் நானூறையும் ரம்ஜானுக்கு முன்பு சுருளிராஜனுக்கு விற்றேன் அல்லவா, சின்னமனூர் பைபாஸில் காபிக் கடை திறந்திருக்கிறானே, அவன்தான். "மியூசியம் மாதிரி வைக்கிறேன் சார்" என்றான். போன வெள்ளி ஜும்மா முடிந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு மியூசியம் பார்க்கப் போனேன். கை கழுவும் இடத்தில், குழாய்க்கு மேலே சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறான், படம் வெளியே தெரிய, பின்பக்கம் பூராவும் பசை தடவி. அந்தப் பின்பக்கத்தில்தானம்மா எல்லாம் இருந்தது. இரைச்சலுக்குள் காதை வைத்துக் கேட்டு, எந்தத் தேதி, எந்த மீட்டர் அலைவரிசை, என்ன பேசினார்கள் என்று நான் எழுதிப்போட, உத்தமபாளையம் ஷரீப் கேட்டது எங்கள் நிலையத்தைத்தான் என்று மாஸ்கோவிலும் மணிலாவிலும் யாரோ கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட பக்கம். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்றால், "பின்னாடி வெறும் எழுத்துதான, பெருசு! படம்தான கலரு" என்கிறான். வாங்கும்போது சார், ஒட்டியபின் பெருசு. அட்டைக்கு எது முகம் எது முதுகு என்று தெரியாத பயல், ரசனையைப் பற்றிச் சுவரில் இங்கிலீஷில் வேறு எழுதி வைத்திருக்கிறான். பொறுக்காமல், ஈக்வடார் நாட்டுக் கீட்டோ நிலையம் அனுப்பிய அட்டையை நகத்தால் நெம்பினேன். படம் மட்டும் உரிந்து வந்தது, எழுத்து பசையோடு சுவரில் நின்றுவிட்டது. அங்கே பரிமாறுகிறவர் ஓடிவந்து, "ஐயா, செவத்தச் சொரண்டாதீக, மொதலாளி வைவாக" என்றார். அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, "அவன வஞ்சு என்ன, வித்தது நீங்கதான" என்றாள்.

அவள் சொன்னது சரி. அவனைவிட என் மேல்தான் எனக்கு இளக்காரமாக இருக்கிறது. நமக்குக் காசுக்குக் குறைவில்லை, தூசி அடைகிறது என்று சொன்னதும் சாக்குத்தான். இருபது வருடத்தில் அவன் ஒருத்தன்தான் வந்து உட்கார்ந்து, பெட்டியைத் திறங்க, ஒவ்வொண்ணாக் காட்டுங்க என்று கேட்டான். மத்தியானம் முழுக்கக் காட்டினேன், கொட்டாவி விடாமல் பார்த்தான். நீயும் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை, அதைக் குறையாக எழுதவில்லை. அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் கொடுத்தேன், இவ்வளவு மலிவான மனுஷன் உன் அத்தா.

உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நல்ல ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறந்துவிடாதே, கூப்பிட்டால் ஆறுதல் மட்டும் சொல்லாதே.

துஆவுடன்,
உன் அத்தா ஷரீப்